நான்கு நாள் கடையடைத்துக் கப்பல் ஏறினோம்

மளிகைக் கடைக்காரன் கடையை அடைத்தால் ஊர் என்ன நினைக்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2022 ஜூன் மாதத்தில் எங்கள் கடைக் கதவில் 'நான்கு நாட்கள் விடுமுறை' என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினோம். வண்டி திருச்சியைத் தாண்டுவதற்குள் ஏழு தொலைபேசி அழைப்புகள். ஏழு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, வீட்டுல யாரு தவறிட்டாங்க?"

யாரும் தவறவில்லை, கப்பலுக்குப் போகிறோம் என்று சொன்னபோது அதை நம்பியவர் ஒருவரோ இருவரோதான். சாவுக்கு மட்டுமே கடை அடைப்பது என்ற வழக்கத்தை நாமே உண்டாக்கிவிட்டோம். அதனால்தான் இந்தக் கட்டுரை. கப்பல் பயணம் பணக்காரர் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்ப நினைக்கும் உறுப்பினர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். இதில் கொள்முதல் கணக்கும் உண்டு, குடும்பக் கணக்கும் உண்டு.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். அம்மா, அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் இருவர், எங்கள் பக்கம் மூன்று பேர், ஆக எட்டு. இதுவரை இரண்டு கப்பல்களில் போய் வந்திருக்கிறோம். முதலாவது, 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த சென்னைச் சேவையில் ஓடிய 'எம்பிரஸ்'. நடுக்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம். இரண்டாவது, 2024 மே விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வந்த 'கெந்திங் ட்ரீம்'. இரண்டும் மிதக்கும் ஓட்டல்தான். ஆனால் பெட்டிக்கடைக்கும் பல்பொருள் அங்காடிக்கும் உள்ள அளவு வித்தியாசம் இவற்றுக்குள் இருக்கிறது.

எம்பிரஸ் 1990-ல் பிரான்சு நாட்டின் சான் நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. அப்போது பெயர் 'நார்டிக் எம்பிரஸ்'. கைமாறிக் கைமாறிப் பெயரும் மாறி, கடைசியில் மும்பைக் கம்பெனியான கார்டீலியாவிடம் வந்து சேர்ந்தது. நீளம் 211 மீட்டர், 48,563 டன். கெந்திங் ட்ரீம் 2016-ல் ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் கட்டப்பட்டது. நீளம் 335 மீட்டர், 1,50,695 டன். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' இதையும் விழுங்கிவிடும்: 2,48,663 டன், இருபது தளங்கள்.

டன் என்றதும் நாம் உடனே மூட்டைக் கணக்குக்குப் போய்விடுகிறோம். அண்ணனும் அப்படித்தான், "ஒன்றரை லட்சம் டன்னா? எத்தனை லாரி லோடு?" என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இந்த டன் எடை அல்ல, இட அளவு. அந்தக் காலத்தில் ஒரு கப்பலில் எத்தனை மதுப் பீப்பாய் ஏற்றலாம் என்று கணக்கிட்டதிலிருந்து வந்த சொல் இது. பழைய முறைப்படி 100 கன அடி ஒரு டன். 1969-ல் செய்துகொண்ட சர்வதேச உடன்படிக்கைக்குப் பிறகு சூத்திரம் மாறிவிட்டது என்றாலும் இன்றும் அது கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவுதான். எனவே இரண்டு கப்பல்களை ஒப்பிட நினைப்பவர்கள் விளம்பரத்தில் உள்ள நீச்சல்குளத்தின் படத்தைப் பார்க்கவேண்டாம். மொத்த டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது வந்துவிடும்.

எம்பிரஸில் அறைக்கு இருவர் என்று வைத்தால் ஏறக்குறைய 1,600 பேர், ஆளுக்கு 30 டன். கெந்திங் ட்ரீமில் 3,352 பேர், ஆளுக்கு 45 டன். ஐகானில் அதே கணக்கில் 5,610 பேர், ஆளுக்கு 44. ஆக, மூன்றிலும் பெரிய கப்பல் என்பதால் ஆளுக்குக் கிடைக்கும் இடம் கூடிவிடவில்லை, ஆட்களையும் கூட ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். ஒரே அறையில் மூன்றாமவர், நான்காமவர் சேரும் விடுமுறைக் காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறங்கும்.

அதே வகுத்தலை இன்னொரு கப்பலுக்கும் போட்டுப் பார்த்தோம். எங்கள் தகப்பனார் 1951-ல் பதினேழு வயதில், பினாங்கில் ஒரு மளிகைக் கடைக்குச் சிப்பந்தியாகப் போனார். நாகப்பட்டினத்தில் அவர் ஏறிய கப்பல் 'ரஜூலா'. 1926-ல் கட்டியது, 8,478 டன். கட்டிய காலத்தில் அதற்கு 5,113 டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. பிற்காலத்தில் அந்த எண்ணைக் குறைத்துவிட்டார்கள். முதலில் இருந்த எண்ணின்படி வகுத்தால் ஆளுக்கு ஒன்றே முக்கால் டன்னுக்கும் குறைவு. அதாவது ஐந்தடிக்கு ஐந்தடி, ஏழடி உயரம். அதற்குள்ளேதான் எஞ்சின், சரக்கறை, மாலுமிகள் எல்லாம் அடக்கம். மிஞ்சிய இடத்தில் பாய் விரித்து, தலைக்குத் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு எத்தனையோ ஆயிரம் தமிழர்கள் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். வாந்தி நாற்றத்தில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்று தகப்பனார் சொல்வார். பயணம் என்ற சொல்லுக்கு அவரிடம் வேறு பொருள் கிடையாது. 1963-ல் திரும்பி வந்து கடை வைத்தவர், 2009-ல் கண்ணை மூடும்வரை மதுரைக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

(ரஜூலாவுக்குப் பின் அந்த வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985-ல் தீ விபத்து நேர்ந்ததும், அத்துடன் அதன் ஓட்டம் முடிந்ததும் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.)

இனி வியாபாரத்துக்கு வருவோம். இந்தக் கப்பல் கம்பெனிகள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்பதை நாம் கவனித்துப் பார்க்கவேண்டும். டிக்கெட் விலை மலிவாகவே தோன்றும். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் அதில் அடக்கம். ஏறிய பிறகு ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக ஓர் அட்டை கொடுப்பார்கள், அதைத் தேய்த்தால் போதும். காப்பி வேறு வகை வேண்டுமென்றால் தேய், படம் எடுத்தால் தேய், இணையம் வேண்டுமென்றால் தேய். கையில் நோட்டு எண்ணாததால் செலவு உறைக்காது. ஐகானை ஓட்டும் ராயல் கரீபியன் கம்பெனியின் 2023 ஆண்டறிக்கையைப் பார்த்தால், மொத்த வருமானம் சுமார் 1,390 கோடி டாலரில் பத்தில் மூன்று பங்கு டிக்கெட்டில் வந்ததல்ல, கப்பலுக்குள் நடந்த விற்பனையிலும் அதைச் சேர்ந்த இனங்களிலும் வந்தது. பெரிய அங்காடிகள் சர்க்கரையை அடக்க விலைக்குக் கீழே கொடுத்து உள்ளே இழுத்து, ஷாம்பூவிலும் பிஸ்கட்டிலும் எடுத்துவிடுகின்றனவே, அதே வித்தைதான். அண்ணன் மட்டும் அந்த அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்!

முன்பதிவில் நாங்கள் பட்டதையும் சொல்லவேண்டும். 2024 பயணத்துக்கு ஒரு முகவர் 'எல்லாம் சேர்த்து' என்று ஒரு தொகை சொன்னார். பில் வந்தபோது துறைமுகக் கட்டணம் தனி, ஊழியர்களுக்கான நாள்படி தனி என்று கால் பங்கு ஏறியிருந்தது. நாம் ஒரு மூட்டைக்கு வண்டி வாடகை யார் பேரில், இறக்குகூலி யார் பேரில் என்று கேட்காமல் ஆர்டர் போடுவோமா? அங்கே கேட்காமல் விட்டது எங்கள் தவறு. இவை தவிர அப்போது வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகைக்கு ஏழு லட்ச ரூபாய் வரை 5 சதவீதம் டி.சி.எஸ். பிடித்தார்கள். அது நம் பணம், வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆடிட்டரிடம் ரசீதைக் கொடுக்க மறந்தவர்கள் இருந்தால் தேடி எடுங்கள்.

ஓராண்டுக்கு முன்னால் முழுப் பணத்தையும் கட்டுவது வேண்டாம் என்பதும் நம் கருத்து. மும்பையிலிருந்து 'கர்ணிகா' என்ற கப்பலை 2019-ல் ஆரவாரமாகத் தொடங்கினார்கள். மறு ஆண்டு கொரோனாவில் கம்பெனி படுத்தது, கப்பல் 2020 கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைப்புக்குப் போயிற்று. கெந்திங் ட்ரீமை முதலில் நடத்திய ஹாங்காங் கம்பெனியே 2022 ஜனவரியில் கலைப்பு மனுக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் வேறு பெயர்ப் பலகையின் கீழ் அதே கப்பல் சிங்கப்பூரிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. ஏழு மாடி வைத்த கடையும் மூடும் என்று நமக்குத் தெரிந்ததுதானே.

மளிகைக்காரன் கண்ணுக்கு வியப்பாக இருந்தது சரக்கு ஏற்றும் முறை. காலையில் பழைய பயணிகள் இறங்க, மாலையில் புதியவர்கள் ஏற, நடுவில் உள்ள சில மணி நேரத்தில் அத்தனை அரிசி, மாவு, காய்கறி, பால், முட்டை எல்லாம் பலகைத் தட்டுகளில் அடுக்கி, ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் உள்ளே போய்விடுகிறது. நடுக்கடலில் தக்காளி தீர்ந்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்ப முடியாது. கூடுதலாக ஏற்றினால் அழுகும். எனவே எந்த நாட்டுக்காரர் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைப் பார்த்தே சரக்கு எடுக்கிறார்கள். சைவம், ஜைன உணவு, ஹலால் என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு மூன்று இரவும் தயிர்ச்சாதம் கிடைத்தது. ஊறுகாய் எங்கள் பையில் இருந்தது.

வீணாவதுதான் மனதை உறுத்தியது. தட்டு நிறைய எடுத்துப் பாதியை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். மிச்சத்தை 25 மில்லிமீட்டருக்கும் சிறிதாக அரைத்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல் தாண்டிக் கொட்டலாம் என்று சர்வதேச விதியே இருக்கிறது. பிளாஸ்டிக் மட்டும் எங்கேயும் போடக்கூடாது. சிந்திய பருப்பைக் கூட்டி எடுத்துப் புடைத்து வைக்கும் மதினிக்கு இதைச் சொன்னபோது, "மீனுக்காவது போகுதே" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை வழித்துத் துடைத்தார்.

சூதாட்டக் கூடம் பற்றிச் சிலர் கேட்டார்கள். இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் எல்லையைத் தாண்டிய பிறகு திறக்கிறார்கள். வயதுவந்த பையன்களை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்கள் ஆகாது. அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. புறப்படும்போது உயிர்காப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போகவேண்டும். 2012-ல் இத்தாலியக் கரையில் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

சரி, எந்தக் கப்பல் மேல்? எங்கள் வீட்டில் இன்னும் இந்த வழக்கு தீரவில்லை. பிள்ளைகளின் ஓட்டு பெரிய கப்பலுக்கு. நீர்ச்சறுக்கு, நாடக அரங்கு, பதினெட்டுத் தளம், அந்தக் கணக்கில் எம்பிரஸ் அருகில் வரமுடியாது. முப்பது வருடத்துக்கு முந்தைய கப்பலில் அறை சிறியதுதான். அதைக் குறை என்று சொல்லமாட்டோம், அந்தக் காலத்து அளவு அது.

ஆனால் எங்கள் ஓட்டு சிறிய கப்பலுக்கே. பெரிய கப்பலில் முதல்நாள் இரவு எட்டுப் பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். அதன்பின் இறங்கும்வரை எட்டுப் பேரை ஒரே இடத்தில் காணோம். பிள்ளைகள் ஒரு தளம், பெண்கள் ஒரு தளம், அண்ணன் எங்கே என்று தேடவே அரைமணி. சிறிய கப்பலில் போக வேறு இடமில்லை. மேல்தளத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு இரவு ஒரு மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். கைப்பேசிக்கு அலைவரிசை இல்லாததும் ஓர் உதவி. அப்போதுதான் அண்ணன் மகள், இருபது வயதுப் பெண், சாதாரணமாக ஒன்று சொன்னாள்: "பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அப்பா ரெண்டாம் பந்தியில சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போயிட்டாங்க. அப்பா இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை." அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி நின்றார்.

பெரிய கப்பலுக்கும் ஒரு நன்றி சொல்லவேண்டும். அதுதான் எங்களைப் பினாங்கில் இறக்கியது. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் ஜார்ஜ் டவுன் இந்தியர் கடைவீதி. குயீன் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோவில். தகப்பனார் வேலை பார்த்த கடை எது என்று எங்களுக்குத் தெரியாது. தெருப் பெயர் மட்டும் அம்மாவுக்கு ஞாபகம். அந்தத் தெருவில் ஒரு மசாலாக் கடை வாசலில் மூட்டை வாயை மடித்துச் சுருட்டி வைத்திருந்த முறையைப் பார்த்து அண்ணன் நின்றுவிட்டார். தகப்பனார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே மடிப்பு. மிளகை அள்ளி ஊதிப் பார்த்தார், விலை கேட்டார், தமிழிலேயே பதில் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை லீவு விடுவீங்களா?" என்று அண்ணன் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த ஊர்க் கடைக்காரருக்கும் புரியும்.

இந்த இடத்தில் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் வாரம் ஒரு நாள் கடை முழுவதும் அடைப்பு என்ற விதி அன்றே எழுதப்பட்டது. 2019-ல் வந்த அரசாணை, பத்தும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள கடைகளை ஆண்டு முழுவதும் இருபத்துநாலு மணி நேரமும் திறக்க அனுமதித்தது. 2022-லும் 2025-லும் அதை நீட்டித்தார்கள். அங்கே பணியாளருக்குச் சுழற்சி முறையில் விடுப்பு உண்டு, முதலாளி கல்லாவில் உட்காருவதும் இல்லை. நம் கடைகளில் முதலாளியும் நாமே, மூட்டை தூக்குபவரும் நாமே, நமக்குச் சுழற்சி எங்கே? பெரிய கடை திறந்திருக்கிறதே என்று நாமும் இரவு பதினொன்று வரை விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பந்தயத்தில் ஆள்பலம் உள்ளவன்தான் ஜெயிப்பான்.

2022-ல் கடையை அடைத்ததில் நஷ்டம் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறோம். அரிசி, எண்ணெய், பருப்பு வாங்குபவர்கள் காத்திருந்து ஐந்தாம் நாள் வாங்கினார்கள். நான்கு நாள் விற்பனையில் பாதிக்கு மேல் அந்த வாரமே திரும்பிவிட்டது. பால், ரொட்டி, தயிர் வியாபாரம் போனது போனதுதான். ஒரே ஒரு மாதக் கணக்கு வாடிக்கையாளர் வேறு கடைக்கு மாறினார். 2024-ல் அடைக்காமல் மூத்த பணியாளர்கள் இருவரிடம் சாவியைக் கொடுத்துப் போனோம். கல்லாக் கணக்கு சரியாக இருந்தது. அண்ணன் மட்டும் ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கியவுடன் கடைக்குப் போன் போட்டார். ஆகவே அடைத்துவிட்டுப் போவதே மேல் என்பது எங்கள் அனுபவம். அடைத்த கடையைப் பற்றி என்ன விசாரிப்பது?

எல்லோரும் கப்பலுக்குப் போகவேண்டும் என்று சொல்லவில்லை. குற்றாலம் போதும், கன்னியாகுமரி போதும். மே 5 வணிகர் தினம் முடிந்த பிறகு, கிழக்குத் தெருக் கடைகள் ஒரு வாரம், மேற்குத் தெருக் கடைகள் மறுவாரம் என்று நான்கு நாள் முறைவைத்து அடைத்தால், வாடிக்கையாளரும் ஊரைவிட்டுப் போகமாட்டார், கடைக்காரர் குடும்பமும் வெளியே போய்வரும். எங்கள் ஊர்க் கிளையில் இந்த யோசனையை வைத்தோம். மளிகைக் கடைக்காரர் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் இதுவரை சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் இன்னும் போடவில்லை. தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "அந்த நாலு நாளும் விடிகாலம் பால் வண்டி வந்தா பாக்கெட்டை யாரு இறக்கி வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் பேசவேண்டும்.